‘ரன்’ என்றால் ஓடு மட்டும்தானா?

கேள்வி: வேலையில் சேர்ந்ததிலிருந்து தினமும் ஆங்கில மின்னஞ்சல்களோடு மல்லுக்கட்டுகிறேன். அதில் ‘ரன்’ என்ற ஒரு சொல்தான் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. ‘ஐ ஆம் ரன்னிங் லேட்’ என்கிறார்கள், ‘ரன் இட் பை மீ’ என்கிறார்கள், ‘தி மீட்டிங் ரேன் ஓவர்’ என்கிறார்கள். அகராதியைப் பிரித்தால் அர்த்தம் பக்கம் பக்கமாகப் போகிறது. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்வதா, வேறு வழி இருக்கிறதா?

பதில்: மனப்பாடம் வேண்டாம். செய்யவும் முடியாது. ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய ஆங்கில அகராதியைத் திருத்தும் பணியில் இந்த வினைச்சொல்லை எடுத்துக்கொண்டவர் பீட்டர் கில்லிவர். அவர் பிரித்துக் காட்டிய பொருள்கள் 645. அதை முடிக்க ஒன்பது மாதம் ஆனது. 1989இல் வந்த முந்தைய பதிப்பில் ‘செட்’ என்ற சொல்தான் 430 பொருள்களோடு முதலிடத்தில் இருந்தது. ஆகவே உங்களைத் திணறடிக்கும் சொல் அகராதிக்காரர்களையும் திணறடித்திருக்கிறது.

ஆனால் இதில் பெரும்பகுதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தமிழில் வண்டி ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, படம் ஓடுகிறது, பொழுது ஓடுகிறது, மனதில் ஏதோ ஓடிக்கொண்டே இருக்கிறது. இங்கே எதற்கும் கால் கிடையாது. நிற்காமல் தொடர்ந்து நடப்பதைத்தான் ‘ஓடு’ என்கிறோம். ‘ரன்’ என்பதன் உயிரும் அதுதான். பழைய ஆங்கிலத்திலேயே அந்தச் சொல்லுக்கு ஓடுவது, தண்ணீர் பாய்வது இரண்டும் பொருளாக இருந்தன. மூக்கு ஒழுகுவது, துணியில் சாயம் போவது, குழாயில் தண்ணீர் கொட்டுவது எல்லாம் ‘ரன்’ ஆனது அந்தப் பாய்ச்சலால்தான். ஒப்பந்தம் மூன்று வருடம் ‘ரன்’ ஆகும் என்றால் அத்தனை காலம் அமலில் இருக்கும் என்று பொருள். ஆற்றங்கரையை ஒட்டி ஒரு பாதை ‘ரன்’ ஆகிறது என்றால், நாம் ‘போகிறது’ என்போமே, அதுதான்.

சரி, சிக்கல் எங்கே வருகிறது? தமிழில் ஓடு என்பது தன்வினை, ஓட்டு என்பது பிறவினை. இரண்டுக்கும் தனித்தனி வடிவம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுமே ‘ரன்’. அதனால் சொல்லைப் பார்த்து நிற்காமல், அதற்குப் பின்னால் ‘எதை’ என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் நடத்து, இயக்கு, செய்து பார் என்று வரும். ‘ஷி ரன்ஸ் எ ஸ்கூல்’ என்றால் பள்ளி நடத்துகிறார். ‘ரன் எ டெஸ்ட்’ என்றால் சோதனை செய்து பார். இங்கே ஒரு பள்ளம் உண்டு, கவனியுங்கள். கார் ஓட்டுவதை ‘ரன்’ என்று சொல்லக் கூடாது, அதற்கு ‘டிரைவ்’ இருக்கிறது. ‘ரன் எ கார்’ என்று பிரிட்டிஷார் சொன்னால், கார் வைத்துக்கொண்டு அதன் செலவைச் சமாளிப்பது என்று பொருள்.

பின்னால் ஒரு நிலைமையைக் குறிக்கும் சொல் வந்தால், ‘அந்த நிலைக்குப் போவது’ என்று எடுத்துக்கொள்ளுங்கள். ரன் லோ என்றால் குறைந்துகொண்டே வருவது, ரன் டிரை என்றால் வற்றுவது. ‘ஐ ஆம் ரன்னிங் லேட்’ இந்த வகைதான். சொல்பவர் வண்டியில் சாய்ந்து உட்கார்ந்தபடியே சொல்லலாம். ‘வரத் தாமதமாகிறது’, அவ்வளவுதான்.

உண்மையான வேலை ஒட்டிக்கொண்டு வரும் சின்னச் சொற்களில்தான். ‘ரன் இன்டு’ என்பதற்குப் பின்னால் ஆள் வந்தால் தற்செயலாகச் சந்திப்பது, சுவர் வந்தால் மோதுவது, சிக்கல் வந்தால் அதில் மாட்டிக்கொள்வது. ‘ரன் ஓவர்’ இன்னும் விஷமமானது. கூட்டம் ரன் ஓவர் ஆனால் குறித்த நேரத்தைத் தாண்டிப் போய்விட்டது. குறிப்புகளை ரன் ஓவர் செய்தால் மேலோட்டமாக ஒருமுறை பார்த்தாயிற்று. வண்டி யாரையாவது ரன் ஓவர் செய்தால் விபத்து. எது, யார் மேல் என்று பார்த்தாலே குழப்பம் தீரும்.

‘ரன் அவுட் ஆஃப்’ என்பதில் தமிழர் அதிகம் தடுக்கி விழுகிறோம். நாம் ‘தாள் தீர்ந்துவிட்டது’ என்போம். தீர்ந்த பொருள்தான் நமக்கு எழுவாய். ஆங்கிலத்தில் ‘ஆஃப்’ வந்தால், எதனிடம் தீர்ந்ததோ அதுதான் எழுவாய். ‘தி பிரின்டர் ஹாஸ் ரன் அவுட் ஆஃப் பேப்பர்’ சரி. தாளை முதலில் வைக்க ஆசைப்பட்டால் ‘ஆஃப்’ கூடாது: ‘தி பேப்பர் ஹாஸ் ரன் அவுட்’. பார்த்தீர்களா, ‘ஹாஸ்’ வந்தபின் ‘ரன்’ தான், ‘ரேன்’ அல்ல. ‘ஹாஸ் ரேன்’ என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள், தவறு. ‘ரேன்’ தனியாக நிற்கும் இறந்தகாலத்துக்கு மட்டும்.

தேர்தலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கர் தேர்தலில் ‘ரன்’ செய்கிறார், பிரிட்டிஷார் ‘ஸ்டேண்ட்’ செய்கிறார். நாமும் தேர்தலில் ‘நிற்கிறார்’ என்றுதானே சொல்கிறோம்? அதனால் அமெரிக்கச் செய்தி படிக்கும்போது மட்டும் மனதில் மாற்றிக்கொண்டால் போதும்.

அப்புறம், அகராதி. ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதி பொருள்களைத் தோன்றிய காலவரிசையில் அடுக்குகிறது. உங்கள் தேவைக்கு அது வேண்டாம். கற்போருக்கென்று லாங்மேன், கேம்பிரிட்ஜ் போன்றோர் போடும் அகராதிகளைப் பாருங்கள். குறிப்பாக லாங்மேனில் அதிகம் புழங்கும் பொருள் முதலில் வரும். அதிலும் ‘ரன்’ என்ற தலைப்பில் தேடாமல், ‘ரன் பை’ என்று சின்னச் சொல்லோடு சேர்த்தே தேடுங்கள்.

அந்த ‘ரன் இட் பை மீ’ மட்டும் உடனே தெரிந்துகொள்ள வேண்டியது. ‘அனுப்புவதற்கு முன் என்னிடம் ஒருமுறை காட்டுங்கள், என் கருத்தைச் சொல்கிறேன்’ என்பது அதன் பொருள். மேலதிகாரி எழுதியிருந்தால் அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டு, காட்டிவிட்டு அனுப்புங்கள். பேச்சில் ‘ரன் தட் பை மீ அகெய்ன்’ என்று காதில் விழுந்தால் எதையும் காட்ட வேண்டாம். சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொல்கிறார்.