ஏற்காடு ஏரிக்கரையின் நீளம் என்ன?

கேள்வி: போன வாரம் ஏற்காடு போயிருந்தோம். கல்லூரியில் கணிதம் படிக்கும் அண்ணன் மகன் ஏரியைக் காட்டி, "அத்தை, இந்தக் கரைக்கு இதுதான் நீளம்னு சொல்லவே முடியாது, இது ஃபிராக்டல்" என்றான். வழியில் வந்த 20 கொண்டை ஊசி வளைவும் ஃபிராக்டலாம். நாடா பிடித்து அளந்தால் தெரிந்துவிடாதா?
- வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: பையன் சொன்னதில் பாதி சரி. எவ்வளவு நெருங்கிப் பார்த்தாலும் வளைவுக்குள் குட்டி வளைவு, அதற்குள்ளும் வளைவு என்று இருக்கிற உருவத்தைத்தான் ஃபிராக்டல் என்கிறார்கள். அளக்கலாம், எதை வைத்து அளப்பது என்பதில்தான் வில்லங்கம். நூறு அடிக் கயிற்றை இழுத்துப் பிடித்து அளந்தால் சின்ன வளைவெல்லாம் கணக்கில் வராது. ஒரு அடி ஸ்கேல் என்றால் துருத்திக்கொண்டிருக்கும் ஒவ்வொரு பாறையையும் சுற்றியாக வேண்டும், நீளம் கூடும். தையல் நூலை ஓட்டினால் கூழாங்கல், வேர் எல்லாம் சேர்ந்து இன்னும் கூடும். உங்கள் வளையலை அளந்தால் இப்படி ஆகாது, ஓர் அளவில் வந்து நின்றுவிடும். கரை நிற்காது. ஸ்பெயினும் போர்ச்சுகலும் தங்களுக்கு நடுவே உள்ள ஒரே எல்லைக்கு 987 கி.மீ., 1,214 கி.மீ. என்று ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்ததை ரிச்சர்ட்சன் என்பவர் கவனித்தார். அதைப் பிடித்துக்கொண்டு 1967இல் பிரிட்டன் கடற்கரையைப் பற்றி எழுதிய கணித அறிஞர் மாண்டல்பிராட்தான் 1975இல் ஃபிராக்டல் என்று பெயரும் வைத்தார்.

நீங்களே ஒன்று வரைந்து பாருங்கள். சார்ட் தாளில் ஒரு அடிக்குக் கோடு போட்டு, மூன்றாகப் பிரித்து, நடுத் துண்டை அழித்துவிட்டு அந்த இடத்தில் அதே நீளத்தில் இரண்டு துண்டுகளைக் கூரை மாதிரி நிறுத்துங்கள். இப்போது நான்கு துண்டு. ஒவ்வொன்றிலும் இதையே செய்யுங்கள், அப்புறம் மறுபடி. (மூன்றாவது சுற்றிலேயே பென்சில் சீவ வேண்டிவரும்!) பத்தாவது சுற்றில் நீளம் 17 அடியைத் தாண்டிவிடும், படமோ அதே தாளுக்குள் அடக்கம். ஸ்வீடன்காரர் கோக் 1904இல் சொன்ன உருவம் இது. கோட்டுக்குப் பரிமாணம் 1, தாளுக்கு 2, இதற்கு இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 1.26; நெளிவு கூடக் கூட இந்த எண்ணும் கூடும். பிரிட்டனின் மேற்குக் கரைக்கு 1.25 என்கிறார்கள்.

அடுத்த முறை போகும்போது ஒரு பெரணி இலையைக் கையில் எடுங்கள். அதன் கிளை ஒன்று முழு இலையின் குட்டி நகல், அந்தக் கிளையின் துணுக்கும் ஏறத்தாழ அப்படியே. இரண்டு மூன்று படியில் ஆட்டம் முடிந்துவிடும், இயற்கையில் அவ்வளவுதான்.

கொண்டை ஊசி வளைவு விஷயத்தில் பையன் கோட்டை விட்டுவிட்டான். வளைவுக்குள் குட்டி வளைவுகள் இருந்தால்தானே ஃபிராக்டல்? அங்கே உள்ளே இருப்பது வெறும் தார்தான். இருந்திருந்தால் பஸ் டிரைவர் கதி என்ன ஆவது!