22 வயதில் முன்நெற்றியைத் தாழ்த்தி முடி நடலாமா?

கேள்வி: எனக்கு வயது 22. பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக நெற்றியின் இரு ஓரங்களிலும் முடி ஏறிக்கொண்டே போகிறது. அப்பாவுக்கு 35 வயதிலேயே உச்சந்தலை வரை வழுக்கை, தாய்மாமாவுக்கும் அப்படியே. முடி மாற்று சிகிச்சை மையம் ஒன்றில், ஒரே அமர்வில் 4,000 கிராஃப்ட் (பெயர்த்து நடும் சிறு முடிவேர்த் துணுக்கு) வைத்து, பள்ளி நாட்களில் இருந்தது போன்ற நேரான, தாழ்வான முன்முடியை அமைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். இந்த மாதத்துக்குள் முன்பணம் கட்டினால் சலுகை உண்டாம். அம்மா நகையை அடகு வைக்கவும் தயாராக இருக்கிறார். செய்துகொள்ளலாமா, டாக்டர்?

பதில்: இப்போது வேண்டாம், அவர்கள் சொல்லும் அளவிலும் வடிவிலும் எப்போதுமே வேண்டாம். காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன். வெறுமனே 'வேண்டாம்' என்று சொல்லி அனுப்பினால், 'சரி' என்று சொல்லும் இன்னோர் இடத்தை நீங்கள் தேடிப் போவீர்கள், அது எளிதில் கிடைத்தும் விடும் என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

பரம்பரை வழுக்கையில், டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனின் தாக்கத்தால் முன்தலையிலும் உச்சியிலும் உள்ள முடிவேர்கள் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லச் சிறுத்துப் போகின்றன. பிடரியிலும் பக்கவாட்டிலும் உள்ள வேர்கள் பெரும்பாலும் அதற்கு ஈடுகொடுத்து நிற்கும். அவற்றைப் பெயர்த்து முன்னால் நட்டாலும் தம் இயல்பை இழப்பதில்லை என்பதை நியூயார்க்கைச் சேர்ந்த தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் 1959-இல் வெளியிட்டார். இன்றைய முடி மாற்று சிகிச்சை முழுவதும் அந்த உண்மையின் மீதே நிற்கிறது. ஆனால் இதில் புதிய முடி எதுவும் உண்டாவதில்லை. பின்னால் இருப்பது முன்னால் போகிறது, அவ்வளவே. எடுத்த வேர் எடுத்ததுதான், அந்த இடத்தில் மறுபடி முளைக்காது.

பின்னந்தலை வெறுமையாகத் தெரியாத வகையில் ஒருவருடைய வாழ்நாள் முழுவதற்கும் எடுக்கக்கூடியது, ஆளுக்கு ஆள் வேறுபட்டாலும், ஏறத்தாழ 6,000 கிராஃப்ட்கள்தாம். வழுக்கை அதன் கடைசி நிலையை எட்டும்போது முடியிழந்த பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர் வரை விரியலாம். இயல்பான அடர்த்தியில் பாதிக்கும் குறைவாக, சதுர சென்டிமீட்டருக்கு 30 வீதம் நட்டால்கூட அதற்கு 6,000 தேவை. உங்கள் தந்தைக்கும் தாய்மாமாவுக்கும் நேர்ந்ததை வைத்துப் பார்த்தால் நீங்கள் அந்த நிலைக்குச் செல்லும் வாய்ப்பு கணிசமாக உண்டு. அப்படியிருக்க, இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கை 22 வயதில் நெற்றி ஓரத்திலேயே செலவழிப்பது விதைநெல்லை உலையில் போடுவதற்கு ஒப்பானது.

கோட்டின் உயரமும் சிறிய செய்தியல்ல. பையன்களுக்கு முன்முடி நேராகவும் தாழ்வாகவும் இருக்கும். பதினேழு வயதுக்கு மேல் பல ஆண்களுக்கு அது ஒரு சென்டிமீட்டர் அளவு மேலேறி, இரு ஓரங்களிலும் சற்றே உள்வாங்கும். வழுக்கை இல்லாதவர்களுக்கும் இது நடக்கிறது. கோட்டை ஒரே ஒரு சென்டிமீட்டர் கீழே இறக்க, 15 சென்டிமீட்டர் அகலமுள்ள நெற்றியில், அடர்த்தியாக நட்டால் சுமார் 600 கிராஃப்ட் கூடுதலாகச் செலவாகும். நட்ட கோடு பிறகு மேலேறாது; அதற்குப் பின்னால் உள்ள உங்கள் சொந்த முடியோ தொடர்ந்து உதிரும், ஏனெனில் அறுவை சிகிச்சை உதிர்வை நிறுத்துவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒருவருக்கு அப்போது வயது 38. 24 வயதில் வேறோரிடத்தில் நேர்கோடாக முடி நட்டிருந்தார். நெற்றியின் மேல் ஒரு கறுப்புப் பட்டை, அதன் பின்னால் வெறும் தோல், பிடரியில் கணக்குப் பார்க்காமல் எடுத்ததால் பூச்சி அரித்த துணியைப் போன்ற திட்டுகள். இடைவெளியை நிரப்ப அவரிடம் முடி மிச்சமில்லை. மொட்டையடித்துக்கொள்ளவும் அவரால் முடியவில்லை. அடித்தால் பிடரி முழுதும் வெள்ளைப் புள்ளித் தழும்புகள் தெரிந்தன. நட்ட முடியிலேயே ஒரு பகுதியை மீண்டும் பெயர்த்தெடுப்பதைத் தவிர நான் அவருக்குச் செய்ய முடிந்தது மிகக் குறைவு.

'இளமையில்தானே டாக்டர் முடி வேண்டும், நாற்பதில் எப்படி இருந்தால் என்ன?' என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். கல்லூரியில் கேலி, பெண் பார்க்கும் இடத்தில் வரும் பார்வை, கண்ணாடி முன் கழியும் நேரம், இவை தரும் வலி பொய்யல்ல. இப்போது பத்தாண்டு இன்பம், பிறகு எல்லோரையும் போல வழுக்கை என்பதுதான் பேரம் என்றால், அதை நீங்களே முடிவு செய்யலாம். நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் பேரம் அதுவல்ல. இயல்பான வழுக்கை உள்ளவர் ஒட்ட வெட்டிக்கொண்டு கம்பீரமாக நடமாடலாம்; மேற்சொன்னவரிடமிருந்து அந்த வழியே பறிக்கப்பட்டது. 22 வயதில் நீங்கள் போடும் கையெழுத்து சட்டப்படி செல்லும் என்பது உண்மையே. ஆயினும் விளைவை அனுபவிக்கப்போகும் 40 வயதுக்காரர் அந்த அறையில் இல்லை. அவருக்காகப் பேச வேண்டிய கடமை மருத்துவருக்கு உண்டு. கேட்டதைச் செய்து கொடுப்பது வணிகத்துக்குப் போதும், மருத்துவத்துக்குப் போதாது. மாதக் கடைசிக்குள் முடிவெடுக்கச் சொல்லும் சலுகையை, அவசரமே இல்லாத ஒரு சிகிச்சையில் நான் தவறு என்றே கருதுகிறேன்.

செய்யக்கூடியது இதுதான். முதலில் ஒரு தோல் மருத்துவரை நேரில் பாருங்கள். இது பரம்பரை வழுக்கைதானா, எவ்வளவு பரப்பில் வேர்கள் சிறுத்துள்ளன என்பதை அவர் கருவி கொண்டு பார்ப்பார். பொருத்தமென்றால் மினாக்சிடில், ஃபினாஸ்டெரைடு ஆகிய மருந்துகளைப் பரிந்துரைக்கலாம். ஃபினாஸ்டெரைடு சிலருக்குப் பாலியல் நாட்டத்தைக் குறைக்கும். மனச்சோர்வும், அரிதாகத் தற்கொலை எண்ணமும் நேரலாம் என்பதால், மனநலப் பாதிப்பு எப்போதாவது இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. முழுப் பலன் தெரிய ஓராண்டாவது ஆகும். ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்து வையுங்கள். முடியைப் பற்றிய எண்ணம் படிப்பையும் வெளியே செல்வதையும் தடுக்கிறது என்றால் மனநல ஆலோசனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; அந்த நிலையில் எந்த முன்முடியும் மனத்துக்கு நிறைவு தராது.

உதிர்வு அடங்கி, உங்கள் வழுக்கையின் போக்கு தெளிவான பிறகு, இருபதுகளின் பிற்பகுதியில், உயரமான, ஓரங்களில் உள்வாங்கிய கோட்டைக் குறைந்த கிராஃப்ட்களில் அமைக்க மருத்துவர் ஒருவர் முன்வந்தால் அப்போது யோசிக்கலாம். யார் கையால் நடக்கிறது என்பதையும் கேளுங்கள். 2016-இல் சென்னையில் இச்சிகிச்சைக்குச் சென்ற இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். தகுந்த பயிற்சி பெற்ற, பதிவுபெற்ற மருத்துவரே இதைச் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது.

முன்பணம் இன்னும் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். கட்டிவிட்டீர்கள் என்றால் சிகிச்சை வேண்டாம் என்பதை எழுத்து மூலம் தெரிவித்துத் திரும்பக் கேளுங்கள். அம்மாவிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். நகை வீட்டிலேயே இருக்கட்டும்.