சாரை வேனில் ஏற்றாதீர்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். மதுரையில் நாங்கள் ஏழு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் ஓட்டுகிறோம். ஜனவரியில் இங்கிருந்து தனுஷ்கோடி வரை ஒரே நாளில் சேர்ந்து போகத் திட்டம். இன்னும் 12 வாரம் இருக்கிறது. இணையத்தில் கிடைத்த ஒரு பயிற்சி அட்டவணையை ஆளுக்கொன்றாகப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓட்டிவருகிறோம். இரண்டு பேர் இப்போதே மணிக்கு 30 கிலோமீட்டருக்கு வந்துவிட்டார்கள். எங்களில் மூத்தவர் ஒரு பள்ளி ஆசிரியர், 52 வயது. சார் என்றுதான் கூப்பிடுவோம். போன வாரம் நாங்கள் திருப்புவனத்தில் டீ குடித்து முடித்து, அரை மணி நேரம் கழித்துத்தான் வந்து சேர்ந்தார். "நான் வேன்ல வந்துர்றேன்ப்பா, என்னால உங்களுக்கு ஏன் தொந்தரவு" என்கிறார். முழங்கால் வலியும் இருக்கிறது. அவரை வேனில் வரச் சொல்லிவிடலாமா? ராமநாதபுரம் பக்கம் காற்று அடிக்கும் என்று பயமுறுத்துகிறார்கள். என்ன செய்யலாம்?

அன்புடன்,
ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள தம்பிக்கு,

வேனில் ஏற்ற வேண்டாம். சாரை வைத்துத்தான் உங்கள் பயிற்சியையே அமைக்க வேண்டும்.

உங்கள் கையில் இருக்கும் அட்டவணை தனியாக ஓட்டுபவருக்கானது. ஒருவர் தன் நேரத்தைக் குறைக்க, தன் நுரையீரலையும் காலையும் வளர்த்துக்கொள்ள எழுதப்பட்டது. ஏழு பேர் அதை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டால் 12 வாரத்தில் ஏழு விதமான வேகங்கள்தான் உருவாகும். இப்போது அதுதான் நடக்கிறது. இரண்டு பேர் நன்றாக முன்னேறியிருக்கிறார்கள், குழு பின்னால் போயிருக்கிறது. நான் பார்த்த குழுக்களில் பெரும்பாலானவை ரோட்டில் உடையவில்லை, பயிற்சியின்போதே உடைந்தன. யாரும் சண்டை போடுவதில்லை. ஒருவர் மெதுவாக வருகிறார், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள், அவர் வந்து சேர்ந்த நிமிஷமே எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். ஆக, யாருக்கு ஓய்வு அதிகம் வேண்டுமோ அவருக்கு ஓய்வே கிடைப்பதில்லை. மூன்றாவது வாரம் அவருக்கு வீட்டில் வேலை வந்துவிடும்.

சேர்ந்து ஓட்டுவதற்கென்றே ஒரு பழைய முறை உண்டு. 1897ல் இத்தாலியில் சில சைக்கிள்காரர்கள் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை 230 கிலோமீட்டரைப் பகல் வெளிச்சத்துக்குள் கடப்பது என்று கிளம்பினார்கள். அந்த யோசனையை 1904ல் பிரான்சுக்குக் கொண்டுவந்தவர் ஆன்ரி தெக்ரான்ஜ். முந்தைய ஆண்டுதான் டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கியிருந்தார். பந்தயத்தை அத்தனை கடுமையாக நடத்திய அந்த மனிதர், சாதாரண ஆட்களுக்கான நீண்ட பயணத்தில் பந்தயத்துக்கு இடமே கொடுக்கவில்லை. வழிநடத்த ஒரு கேப்டன் உண்டு, அவரைத் தாண்டி யாரும் போகக் கூடாது. எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாக நின்று ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றாகப் போய்ச் சேர வேண்டும். அந்த மரபு ஐரோப்பாவில் இன்றும் இருக்கிறது. வேகம் மணிக்கு 22.5 கிலோமீட்டர். அவரவர் வேகத்தில் ஓட்டும் பிரெவே முறை பிறகு, 1921ல் பிரிந்து வந்தது. நம் ஊர் சைக்கிள் குழுக்களுக்கு அதுதான் பழக்கம். அதில்கூட 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள். நின்றது, சாப்பிட்டது, பஞ்சர் ஒட்டியது எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் குறைவு. உங்கள் சாரால் அது முடியும்.

சரி, வேகத்தை எப்படி முடிவு செய்வது? மீட்டரைப் பார்க்க வேண்டாம், சாரைப் பேசச் சொல்லுங்கள். முழு வாக்கியமாக மூச்சு வாங்காமல் பதில் சொன்னால் வேகம் சரி. "ம்", "சரி" என்று ஒற்றை வார்த்தையில் வந்தால் குறைக்க வேண்டும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை யாராவது அவரிடம் பேச்சுக் கொடுத்தால் போதும். அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். "தொந்தரவு" என்ற வார்த்தையைச் சொன்னவர் கடைசிவரை சொல்லமாட்டார் என்பதை நீங்கள்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

வேகமான அந்த இரண்டு பேருக்கு இதனால் சப்பென்று ஆகிவிடும் என்று நினைப்பீர்கள். ஆகாது. அவர்களுக்கு வேலை காற்றில் இருக்கிறது. சமதரையில் 25, 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டிப் பின்னால் வருபவருக்கு அந்தச் செலவு கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை மிச்சமாகும். எதிர்காற்றில் இன்னும் நன்றாகத் தெரியும். அதனால் அந்த இரண்டு பேரும் மாற்றி மாற்றி முன்னால் நிற்கட்டும். சார் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரட்டும். சைக்கிள்காரர்கள் இதை "இழுக்கிறது" என்று சொல்வார்கள். ஒரே 22 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் இருப்பவருக்கு நல்ல பயிற்சி கிடைக்கும், நடுவில் வருபவருக்கு மூச்சு மிச்சமிருக்கும். வேறுபட்ட பலம் உள்ளவர்கள் ஒரே வேகத்தில் போக இதைவிட நியாயமான வழி எனக்குத் தெரியாது.

ஆனால் இதைப் பழக வேண்டும், அதுவும் கவனமாக. முன்னால் போகிறவர் சட்டென்று பிரேக் பிடிக்கக் கூடாது. குழி வந்தால் கையைக் காட்டி, சத்தமாகவும் சொல்ல வேண்டும். எழுந்து நின்று பெடல் மிதிக்கப் போகும்போது வண்டி ஒரு சாண் பின்னால் வாங்கும், அதனால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஏறி நிற்கவே கூடாது. இரண்டும் உரசினால் விழுவது பின்னால் வருபவர்தான். முதல் மூன்று வாரம் ஒரு முழு சைக்கிள் நீளம் இடைவெளி விட்டு ஓட்டுங்கள். நம்பிக்கை வந்தபிறகு நெருங்கலாம். நெடுஞ்சாலையில் எப்போதும் ஒற்றை வரிசைதான். கடைசி ஆளாகப் பலமானவர் ஒருவர் வரட்டும், பம்ப்பும் போனும் அவரிடம் இருக்கட்டும். அவருக்கு முன்னால்தான் மற்ற எல்லோரும்.

காற்றுக்கு வருகிறேன். ஜனவரியில் அந்தப் பக்கம் வடகிழக்கிலிருந்து அடிக்கும். மதுரையிலிருந்து ராமநாதபுரம் வரை ரோடு தென்கிழக்காகப் போகிறது, அதனால் காற்று இடப்பக்கத்தில் மோதும். ராமநாதபுரம் தாண்டி ரோடு கிழக்கே திரும்பியதும் இடது முன்பக்கத்திலிருந்து வரும். பக்கக்காற்றில் நேர் பின்னால் நின்றால் மறைவு கிடைக்காது. சற்று வலப்பக்கம் தள்ளி நிற்க வேண்டியிருக்கும். பந்தய வீடியோக்களில் வீரர்கள் ரோட்டின் குறுக்கே சாய்வாக வரிசை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதை இங்கே செய்யாதீர்கள். வலப்பக்கம் நகர்வது என்றால் பஸ்ஸும் லாரியும் வரும் பக்கம் நகர்வது. ஒற்றை வரிசையிலேயே இருந்து வேகத்தை 18க்கோ 17க்கோ இறக்கிவிடுங்கள். பாம்பன் பாலத்தில் இன்னும் கவனம் வேண்டும். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் திறந்த கடலுக்கு மேலே போகிறீர்கள், காற்றுக்கு எந்தத் தடுப்பும் இல்லை. ரயில் பாலத்தைப் பார்க்க வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நிற்கும் கூட்டமும் இருக்கும். 2025ல் புதுப் பாலம் திறந்ததிலிருந்து சொல்லவே வேண்டாம். அங்கே யாரும் யார் சக்கரத்தையும் ஒட்ட வேண்டாம், விலகி விலகிப் போங்கள்.

இந்தக் காற்று உங்களுக்கு இப்போதே கிடைக்கும். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டதால் மானாமதுரை ரோட்டிலேயே நீண்ட பயிற்சிகளை வைத்துக்கொள்ளுங்கள். அழகர்கோவில் ரோடு அழகுதான், நிழலும் உண்டு, ஆனால் உங்களுக்கு வேண்டியது நிழல் இல்லாத ரோடு.

தூரம் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஞாயிறு தோறும் பத்திலிருந்து இருபது கிலோமீட்டர் கூட்டுங்கள், நாலாவது வாரம் குறையுங்கள். 45, 60, 70, அப்புறம் 50. அடுத்து 80, 90, மானாமதுரை போய்வந்தால் நூறு சொச்சம், பிறகு 70. கடைசியாக 120, பரமக்குடிக்குச் சற்று முன்னால் திரும்பினால் 140, அதோடு போதும், கடைசி இரண்டு வாரமும் குறைத்து ஓட்டுங்கள். முக்கால்வாசித் தூரத்தைச் சேர்ந்து ஓட்டிய குழு முழுத் தூரத்தையும் ஓட்டும். வாரநாட்களில் அவரவர் ஒரு மணி நேரம் இரண்டு முறை ஓட்டினால் நல்லது. அந்த முப்பது கிலோமீட்டர் தம்பிகள் தங்கள் ஆசையை அன்றைக்குத் தீர்த்துக்கொள்ளட்டும். மழையில் சில ஞாயிறுகள் போகும். போனது போகட்டும், அடுத்த வாரம் இரண்டு மடங்காக ஈடுகட்டாதீர்கள், முழங்கால்கள் அப்படித்தான் கெடுகின்றன.

சாப்பாட்டையும் சேர்ந்தே பழகுங்கள். உடம்பில் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்து இரண்டு மூன்று மணி நேரக் கடும் உழைப்புக்கு வரும், அதன் பிறகு கால் நின்றுவிடும். எனவே பசிக்கும் முன்பே, மணிக்கு ஒருமுறை ஒரு பெரிய வாழைப்பழம், அல்லது இரண்டு இட்லி, அல்லது கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. உப்புப் போட்ட மோர் வழியெல்லாம் கிடைக்கிறது. ஒருவர் நின்றால் எல்லோரும் நில்லுங்கள், எல்லோரும் சாப்பிடுங்கள். ஏழு பேர் ஏழு இடத்தில் ஐந்து ஐந்து நிமிஷம் நின்றால் அரை மணி நேரத்துக்கு மேல் போய்விடும். முக்கியமாக, சார் வந்து சேர்ந்த பிறகுதான் நிறுத்த நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும். சேர்ந்து ஓட்டினால் அந்தக் கணக்கே தேவைப்படாது.

பஞ்சரை மறக்காதீர்கள். நீங்கள் போகும் வழி சீமைக் கருவேலத்தின் ராஜ்ஜியம். ரோட்டோரத்தில் முள் கிடக்கும். ஆளுக்கு இரண்டு டியூப் எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு பேருமே டியூப் மாற்றத் தெரிந்திருக்க வேண்டும், ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. புது டியூபைப் போடுவதற்கு முன் டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். முள் பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும், எடுக்காவிட்டால் பத்து நிமிஷத்தில் அடுத்த பஞ்சர்.

திட்டத்தில் ஒன்றை மாற்றச் சொல்வேன். ராமேஸ்வரம் வரை சுமார் 170 கிலோமீட்டர், அங்கிருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை இன்னும் இருபது. காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, ஓடும் வேகம் 20 என்று வைத்து, நிற்பதற்கு இரண்டு மணி நேரம் கொடுத்தால் ராமேஸ்வரம் சேரவே பிற்பகல் மூன்றரை ஆகும். காற்று பலமாக இருந்தால் ஐந்து. அதன்பின் தனுஷ்கோடிக்குப் போனால் இருட்டுவதற்குள் திரும்ப வேண்டிய அவசரம், மாலையில் அந்தச் சாலையைப் போலீஸ் மூடியும் விடுவார்கள். அவசரம் வந்தால் சார் மறுபடியும் வேனைப் பார்ப்பார். அன்றிரவு ராமேஸ்வரத்தில் தங்கி, விடிந்ததும் அந்த இருபது கிலோமீட்டரை ஓட்டுங்கள். ஒரே நாள் என்ற பெருமை போகும், போகட்டும். திரும்பி வர ரயிலில் லக்கேஜாக சைக்கிளைப் பதிவு செய்யலாம், முந்தின நாளே ஸ்டேஷனில் கேட்டு வையுங்கள்.

இனி சாரின் முழங்கால். முன்பக்கம் வலிக்கிறது என்றால் சீட் தாழ்வாக இருக்கலாம், பின்பக்கம் என்றால் உயரமாக இருக்கலாம். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் தொடக்க உயரம். ஐந்து மில்லிமீட்டராக மாற்றிப் பாருங்கள், ஒரே நாளில் பெரிதாக மாற்றாதீர்கள். கனமான கியரில் அழுத்தி மிதிக்கிறாரா என்றும் பாருங்கள். வயதானவர்கள் பழைய சைக்கிள் பழக்கத்தில் அப்படித்தான் மிதிப்பார்கள். லேசான கியரில் நிமிஷத்துக்கு 80 சுற்று வரட்டும். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் எலும்பு மருத்துவரைப் பார்க்கட்டும். 52 வயதில் நீண்ட பயிற்சி தொடங்கும் முன் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இதயமும் ஒருமுறை பார்த்துவிடுவது எப்படியும் தேவை. ஏழு பேருமே போய்ப் பார்த்துவிடுங்கள், அவரை மட்டும் தனியாக அனுப்பாதீர்கள்.

வலி முன்பக்கமா பின்பக்கமா என்று அவரையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்