பழைய இழுவைப் படகு ஒன்றின் போர்க்கால வரலாற்றையும், அதில் உயிரிழந்த மாலுமிகளையும் எப்படித் தேடுவது?

பிரிட்டனில் பதிவான படகு, காலம் இரண்டாம் உலகப்போர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

பெயரை நம்பி இறங்காதீர்கள். 1946இல் 'எம்பயர் ரேமண்ட்' என்று கட்டிய டக் (இழுவைப் படகு)தான் பிறகு 'செர்வியா' ஆனது. 'சாஸி' 1940 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் ஃபோர்த் கழிமுகத்தில் கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது. 1942இல் நீரில் இறங்கிய வேறொரு டக்குக்கும் அதே பெயர்தான். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் இரண்டு படகுகளின் கதை ஒன்றாகக் கலந்துவிடும்.

எத்தனை முறை பெயர் மாறினாலும், பிரிட்டிஷ் பதிவில் இருக்கும்வரை அஃபிஷியல் நம்பர், அதாவது பதிவின்போது கப்பலுக்குத் தரும் எண், மாறாது. படகு கைவசம் இருந்தால் முதன்மை உத்தரத்தை (மேல்தளத்தைத் தாங்கும் பெரிய குறுக்குச் சட்டம்) பாருங்கள். அந்த எண்ணையும் பதிவு டன்னையும் (பதிவில் உள்ள கொள்ளளவு) அதில் வெட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். பல பூச்சு பெயின்ட்டுக்கு அடியில் கிடக்கும். உடனே சுரண்ட வேண்டாம், பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும். இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தாலே பள்ளங்கள் நிழல் காட்டும். என்ஜின் தகட்டில் உள்ள ஆண்டை வைத்துப் படகின் வயதை முடிவு செய்யாதீர்கள், என்ஜினையே மாற்றியிருக்கலாம். படகு இல்லையென்றால் பழைய 'மெர்க்கன்டைல் நேவி லிஸ்ட்' (பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் பட்டியல்) தொகுதிகளில் பெயருக்கு எதிரே எண் இருக்கும். இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

எண் கிடைத்ததும் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். 1939 முதல் 1945 வரையிலான மாலுமிப் பட்டியல்கள் பிடி 381 (BT 381) என்ற ஆவண வரிசையில், அதே எண்ணின் அடிப்படையில் அடுக்கப்பட்டுள்ளன. வயது, பிறந்த ஊர், முகவரி, முந்தைய கப்பல், ஏறிய தேதி, இறங்கிய தேதி எல்லாம் அதில் வரும். வாசகர் அட்டைக்குக் கட்டணமில்லை, சொந்தக் கேமராவில் படமும் எடுத்துக்கொள்ளலாம்.

பலர் கைவிடுவது இங்கேதான்: மாலுமிப் பட்டியல் கட்டுக்குள் திடீரென ஓர் ஆண்டு காலியாக இருக்கும். ஆவணம் தொலைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கடற்படை அந்தப் படகை எடுத்துக்கொண்டிருக்கலாம். மீட்பு டக்குகளில் வணிக மாலுமிகள் பலர் டி.124டி (T.124T) என்ற ஒப்பந்தத்தில் கடற்படையின் கீழ் வேலை செய்தார்கள்; அவர்களை வணிகக் கப்பல் பட்டியலில் தேடிப் பயனில்லை. உள்நாட்டுக் கடலில் இருந்த சிறு போர்க்கலங்களை வாரவாரம் குறித்த 'சிவப்புப் பட்டியல்' அதே காப்பகத்தின் ஏடிஎம் 208 (ADM 208) வரிசையில் இருக்கிறது. படகு எந்தத் துறைமுகத்தில், யார் பொறுப்பில் இருந்தது என்பதை அங்கே பிடிக்கலாம்.

இறந்தவர்களுக்கும் இந்தப் பாகுபாடுதான் வழிகாட்டி. சாதாரண வணிக மாலுமி என்றால் லண்டன் டவர் ஹில் நினைவிடம், டி.124 வகை ஒப்பந்தம் என்றால் லிவர்பூல் கடற்படை நினைவிடம்; கடற்படையின் ரோந்துப் பிரிவு என்றால் லோஸ்டாஃப்ட் நினைவிடம். ஆனால் இந்த மூன்றிலும் இருப்பவை கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள் மட்டுமே. கரை ஒதுங்கிய உடல்களை அந்தந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்திலேயே புதைத்திருப்பார்கள். அதனால்தான் நினைவிடத்துப் பெயர்களை எண்ணினால் கணக்கு குறைகிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத் தளத்தில் கப்பல் பெயரோடு நிறுத்தாமல், மூழ்கிய நாளையும் அதற்குப் பிந்தைய சில வாரங்களையும் தேதியாகக் கொடுத்துத் தேடுங்கள். பிறகு வணிக மாலுமிகளின் பெயர்களைக் கியூவில் உள்ள பிடி 334 (BT 334) மரணப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.