அமில மண்ணில் உயிர் உரம் மட்டும் போதுமா, சுண்ணாம்பும் வேண்டுமா?

நிலக்கடலைக் கொல்லையின் மண் பரிசோதனையில் பி.எச். (அமில அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) 5.2 என்று வந்திருப்பதாகவும், வேர் மண்டல நுண்ணுயிர்களை உயிர் உரமாகக் கொடுத்தால் சுண்ணாம்பு இல்லாமலே பயிர் தேறுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவை உதவும், ஆனால் பி.எச்.-ஐ உயர்த்தும் சுண்ணாம்பின் வேலையை அவை செய்யமாட்டா.

காவிரி டெல்டா என்றாலே வண்டலும் களியும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் மேட்டூர் அணை முடிந்த 1934-ஐ ஒட்டி வந்த கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்தில் செம்மண்ணும் சரளை கலந்த செம்பொறை மண்ணும் உண்டு. எங்கள் கொல்லையும் அத்தகையதே.

பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கும்போது, அதுவரை மண்ணில் கட்டுண்டிருந்த அலுமினியம் கரைந்து வேர்நுனியைத் தாக்குவதால் வேர் நீளாமல் தடித்துக் குட்டையாகிறது. போட்ட மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) இரும்பும் அலுமினியமும் பிடித்துவைத்துக்கொள்கின்றன. வேர் கசியவிடும் சர்க்கரையை உண்டு வாழும் பாஸ்போபாக்டீரியா, சிட்ரிக், மாலிக் போன்ற கரிம அமிலங்களை வெளியிட்டு, அந்த அலுமினியத்தைக் கவ்வி நச்சைத் தணிப்பதோடு சிக்கிய மணிச்சத்தில் ஒரு பகுதியையும் விடுவிக்கிறது. புளித்த மண்ணில் மேலும் புளிப்பா என்று நானும் முதலில் ஐயுற்றேன். இங்கே பயன் தருவது புளிப்பன்று, கவ்வும் குணமே. வேருக்குள் குடியிருந்து மண்ணில் இழை பரப்பும் வேர் உட்பூசணமோ, வேரை ஒட்டிய ஓரிரு மில்லிமீட்டரில் மணிச்சத்து தீர்ந்த பிறகும், அதற்கப்பால் சில சென்டிமீட்டர் வரை இழை நீட்டிக் கொண்டுவந்து தருகிறது.

கடலை வேரில் முடிச்சிட்டுக் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியாவான ரைசோபியத்தின் கதை வேறு. அமிலத்தில் அதுவே நலிந்துவிடும். அதற்கு வேண்டிய நுண்ணூட்டமான மாலிப்டினமும் அங்கே எளிதில் கிடைக்காது. ஒரு பட்டத்தில் சுண்ணாம்பு போடாமல், அரிசிக் கஞ்சியில் கலந்த ரைசோபியத்தால் விதை நேர்த்தி மட்டும் செய்து விதைத்தேன். நாற்பதாம் நாள் சில செடிகளைப் பிடுங்கி முடிச்சுகளை நகத்தால் கீறிப் பார்த்தபோது, தழைச்சத்தை நிலைநிறுத்தும் முடிச்சில் தெரிய வேண்டிய இளஞ்சிவப்பு ஒன்றிரண்டில்தான் இருந்தது. மற்றவை வெளிறியும் பச்சையாகவும் கிடந்தன.

இதே மண்ணில் நெல் பெரிதாகத் தொல்லைப்படாததற்கும் நுண்ணுயிர்களே காரணம். தண்ணீர் கட்டிய வயலில் காற்று அற்றுப்போனதும், சில பாக்டீரியாக்கள் மூச்சுக்கு ஆக்சிஜனுக்குப் பதிலாக மண்ணின் இரும்பைப் பயன்படுத்துகின்றன; அந்த வினையில் அமிலம் செலவழிவதால், சில வாரங்களில் பி.எச். நடுநிலையை நெருங்குகிறது. வரப்போரக் கசிவில் எண்ணெய் போல மினுங்கும் ஏட்டைப் பார்த்திருப்பீர்கள்; விரலால் தொட்டால் எண்ணெயாகக் கூடாமல் சில்லுசில்லாக உடையும். அப்படிக் கரைந்துவந்த இரும்பு, மேலே காற்றுப் பட்டுப் படிந்த ஏடுதான் அது.

கடலைக்கு நீர் கட்ட முடியாது. ஆகவே பரிசோதனை அறிக்கை சொல்லும் அளவுக்குச் சுண்ணாம்போ, மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக் கல்லான டோலமைட்டோ விதைப்புக்குச் சில வாரங்கள் முன்பே தூவி உழுதுவிட்டு, பிறகு உயிர் உரத்துக்குச் செலவிடுங்கள். மண் அணைக்கும்போது இடும் ஜிப்சத்தை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது காய்க்குக் கால்சியம் தரும், பி.எச்.-ஐ உயர்த்தாது.