பாண்ட் சரி, எந்த பாண்ட்?

கேள்வி: என் மகள் சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தபோது 100 ரூபாய் பாண்ட் பேப்பரில் எழுதி வாங்கினார்கள். இரண்டு வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும். பத்தே மாதத்தில் வேறு நல்ல வேலை கிடைத்திருக்கிறது. சேர்த்துவிட்ட கன்சல்டன்சிக்காரர், "பாண்டை மீறினால் வாரண்ட் வரும், 50,000 கொடுங்கள், பேசி முடிக்கிறேன்" என்கிறார். என்னிடம் தொகை எழுதாத செக் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறார்கள். என்ன செய்யலாம்?
- வாசகர், திருப்பூர்

பதில்: வாரண்ட் வராது. அந்த ஆளுக்கு ஐந்து பைசா கொடுக்காதீர்கள்.

பாண்ட் என்ற ஒற்றைச் சொல்லை வைத்தே இவர்கள் பிழைக்கிறார்கள். ஜெராக்ஸ் கடையில் பாண்ட் ஷீட் என்றால் கொஞ்சம் தடித்த தாள். எல்.ஐ.சி. பாண்ட் என்று பீரோவில் பூட்டி வைத்திருக்கிறோமே, அது பாலிசிப் பத்திரம். கோல்டு பாண்ட் என்றால் அரசாங்கம் நமக்குத் திருப்பித் தர வேண்டிய கடன். நீங்கள் சொல்லும் பாண்ட் பேப்பர் வெறும் முத்திரைத்தாள். அதில் எழுதினால் அரசுக்கு முத்திரைக் கட்டணம் போய்ச் சேர்ந்தது என்றுதான் பொருள். எழுதியதெல்லாம் செல்லும் என்று இல்லை.

வாரண்ட் பூச்சாண்டி ஜாமீன் பாண்டிலிருந்து வந்தது. அது கோர்ட்டுக்கு எழுதிக் கொடுப்பது. உங்கள் மகள் கொடுத்தது சர்வீஸ் பாண்ட். சிவில் சமாச்சாரம், போலீசுக்கு வேலையே இல்லை. பணம் வேண்டுமென்றால் கம்பெனி வழக்குப் போட வேண்டும். வேலையில் தொடர்ந்தே ஆக வேண்டும் என்று கோர்ட் கட்டாயப்படுத்தாது.

அப்படியானால் 2 லட்சம்? 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவுப்படி, எழுதிய தொகை உச்ச வரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். பயிற்சிக்கு என்ன செலவு செய்தீர்கள் என்று கம்பெனியைக் கேளுங்கள். அதற்காக ஒன்றுமே கட்ட வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பொதுத்துறை வங்கி வாங்கிய மூன்று வருட, 2 லட்ச ரூபாய் பாண்ட் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது.

அதே 74இல் ஒரு விதிவிலக்கு உண்டு. ஜாமீன் பாண்ட், அப்புறம் பொதுக் கடமையைச் செய்வதாகச் சட்டப்படியோ அரசு உத்தரவுப்படியோ எழுதிக் கொடுக்கும் பாண்ட், இவற்றை மீறினால் முழுத் தொகைக்கும் பொறுப்பு. இதைக் காட்டித்தான் மிரட்டுவார்கள். ஆனால் அரசோடு ஒப்பந்தம் போட்டதாலேயே அது பொதுக் கடமை ஆகிவிடாது என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. அரசு ஒப்பந்தத்துக்கே அப்படி என்றால் தனியார் கம்பெனி எந்த மூலைக்கு? இந்த நாலு வரியைத் தமிழில் அடித்து ஒவ்வொரு கல்லூரி வேலைவாய்ப்பு அறையிலும் ஒட்ட வேண்டும். யார் செய்யப் போகிறார்கள்!

நீங்கள் போகிற போக்கில் சொன்ன செக்தான் எனக்குக் கவலை. பாண்டுக்கு வராத கிரிமினல் வழக்கு செக்குக்கு வரும். தொகையை நிரப்பி வங்கியில் போட்டு அது திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆவது பிரிவில் உங்கள் மேல் வழக்குப் போடலாம்; இரண்டு வருடம் வரை சிறை, செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம். காலியாகத்தான் கொடுத்தேன் என்ற வாதம் தனியாக நின்று காப்பாற்றாது. அந்த செக்குக்குப் பணம் தர வேண்டாம் என்று வங்கிக்கு ஸ்டாப் பேமென்ட் கொடுத்தால் தப்பலாம் என்பார்கள். அதற்கும் இதே வழக்குதான்.

இன்றைக்கே கம்பெனிக்குக் கடிதம் எழுதுங்கள். செக் எண்ணைக் குறிப்பிட்டு, பாதுகாப்புக்காக மட்டும் தொகை எழுதாமல் கொடுத்தது, எனக்கு எந்தக் கடனும் இல்லை, திருப்பி அனுப்புங்கள் என்று கேளுங்கள். கொடுத்துச் சேர்ந்ததற்கு அத்தாட்சியோடு அனுப்பி, நகலைப் பத்திரப்படுத்துங்கள். செக் திரும்பிவிட்டது, பணம் கட்டு என்று கம்பெனியிடமிருந்து நோட்டீஸ் வந்தால், கட்டுவதற்கு 15 நாள்தான் அவகாசம். கையில் வாங்கிய அன்றே வக்கீலைப் பாருங்கள்.