அமெரிக்கத் தொடரான ‘தி வயர்’ அளவுக்குப் பேசப்பட்டிருக்க வேண்டிய, ஆனால் கவனம் பெறாமல் போன போலீஸ் தொடர் எது?

என் பதில் ‘தி ஷீல்டு’. இரண்டு தொடர்களும் 2002இல்தான் தொடங்கின. ‘தி ஷீல்டு’ சில மாதங்கள் முன்னதாகவே வந்தது. எஃப்எக்ஸ் தொலைக்காட்சியில் 2008 வரை ஏழு சீசன்கள் ஓடியது. முதல் ஆண்டிலேயே நாயகன் மைக்கேல் சிக்லிஸுக்கு எம்மி விருது கிடைத்தது. இருந்தும், சிறந்த தொடர்கள் பற்றிப் பேச்சு வரும்போது இதன் பெயர் விடுபட்டுப்போவது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. (முடிவையும் சொல்லப்போகிறேன். பார்க்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.)

லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையை உலுக்கிய ராம்பார்ட் ஊழல்தான் கதைக்கு வித்து. பழைய தேவாலயம் ஒன்றில் இயங்கும் காவல் நிலையம். அங்கே நான்கு பேர் கொண்ட அதிரடிக் குழு. தலைவன் விக் மேக்கி. முதல் அத்தியாயத்தில் ஒரு சிறுமி காணாமல் போகிறாள். விசாரணையில் எதுவும் பெயராத நிலையில் விக்கை உள்ளே அனுப்புகிறார்கள். அவன் அடிக்கிற அடியில் உண்மை வெளிவந்து, சிறுமி உயிரோடு மீட்கப்படுகிறாள். நமக்கு மூச்சு வருகிறது. அதே அத்தியாயத்தின் முடிவில், தன்னைப் பற்றித் துப்புக் கொடுக்க ஒப்புக்கொண்ட சக காவலரை அவன் முகத்தில் சுட்டுக் கொல்கிறான். அந்த ஒரு தோட்டாவின் கடனை வட்டியோடு கட்டும் கதைதான் மீதியெல்லாம். இத்தனை தெரிந்தும், அவன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று பல இரவுகள் பதறியிருக்கிறேன். அப்படிப் பதறியது எனக்கே கூசியது.

யாருடைய கையும் சுத்தமாக இல்லை. விக்கை விரட்ட வரும் அதிகாரி கவனாவே (ஃபாரஸ்ட் விட்டேக்கர்) கடைசியில் பொய் ஆதாரம் ஜோடிக்கிறார். குழுவில் எல்லோரையும்விட மனம் இளகியவன் லெம். அவனுக்குச் சாப்பாடு வாங்கிக்கொண்டு வருகிற நண்பன் ஷேன்தான் காருக்குள் கையெறி குண்டைப் போடுகிறான், போட்டுவிட்டு அழுகிறான். ஷேனாக நடித்த வால்டன் காகின்ஸின் அந்த முகம் என்னை இன்னும் விடவில்லை.

ஆனால் இந்தத் தொடரை நான் தூக்கிப் பிடிப்பது அதன் முடிவுக்காகத்தான். தண்டனை கிடையாது என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்தானதும், விக் தன் குற்றங்களைச் சொல்ல உட்காருகிறான். பதிவுக் கருவி ஓடுகிறது. அவன் பேசவில்லை. நெடுநேரம் பேசவில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, எதிரே இருக்கும் பெண் அதிகாரியின் முகம் வெளிறுகிறது. அந்த ஒப்பந்தத்தில் கூட்டாளி ரானிக்கு இடமில்லை. அவன் விக்கின் கண்முன்னே கைதாகிறான். மனைவியும் குழந்தைகளும் எங்கே போனார்கள் என்றே விக்குக்குத் தெரியாமல் போகிறது.

அவனுக்குச் சிறை இல்லை. கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு அறிக்கை தட்டச்சு செய்யும் மேசை வேலை. கடைசிக் காட்சியில் அலுவலகம் காலியாகி விளக்குகள் அணைகின்றன. வெளியே போலீஸ் சைரன் கேட்கிறது. ஜன்னல் வரை போய்ப் பார்க்கிறான், கண் கலங்குகிறது. மேசை இழுப்பறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் செருகிக்கொண்டு வெளியேறுகிறான்.